பெண்கள் பக்கத்துக் கதவு

ஆகஸ்ட் 3, சனி

அண்ணன் பேசினான். நிரஞ்சனின் ஃபோனில். என் ஃபோன் பழுதுபார்க்கப் போயிருக்கிறது. சில வாரங்களாகிவிட்டன. உதிரிபாகம் வரவில்லையாம்.

நிரஞ்சன் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"ஏட்டி ஆவுடை, 'நீல வாசல்' திரும்ப வருதுட்டி! பெரிய திரையில. படத்த சுத்தம் பண்ணி, சத்தத்த எல்லாம் ஏத்தி விடுதானுவளாம்."

"என்ன படம் மச்சான் அது?" என்றார் நிரஞ்சன்.

"சின்னப் பிள்ளையில பாத்தது மாப்ள. டப்பிங் படம். வேற கோளுக்குப் போனவரு திரும்பி வீட்டுக்கு வருவாருல்லா, அது. ஒரே ஒரு மட்டம் பாத்துட்டு வருசக்கணக்கா வெளையாடினோம்."

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. நிரஞ்சன் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"பாப்போம் மச்சான். அவ்னிக்கு இப்பல்லாம் கூட்டம் ஒத்துக்கறதில்ல."

அவ்னி என்பது நான்தான். ஆவுடையம்மாள், ஆவுடை, அவ்னி.

எனக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம்.


ஆகஸ்ட் 5, திங்கள்

துணி துவைத்தேன். வெயில் இல்லை.

நாள் முழுவதும் 'நீல வாசல்'. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரே தியேட்டர். நடுவில் இடுப்புயரச் சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். நான் அம்மாவோடு. அண்ணன் அப்பாவோடு. சுவருக்குமேல் அவன் தலை மட்டும் தெரியும். பயமான இடம் வந்தால் அந்தத் தலை என் பக்கம் திரும்பும். நான் பயப்படுகிறேனா என்று பார்ப்பதற்கு. அவன் பயந்ததை நான் பார்க்கவில்லை என்று உறுதிசெய்வதற்கும்.

கதை எளிது. ஒரு பொறியாளர் தூரத்துக் கோளுக்குப் போகிறார். கப்பலின் கணினி கோயம்புத்தூர்க்காரரைப்போல மரியாதையாகப் பேசும். "இன்னும் ஆக்சிஜன் கொஞ்சந்தானுங்க இருக்கு." தியேட்டரே சிரித்தது. புறப்படும்போது மகளிடம் சொல்லிவிட்டுப் போவார்: மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு தட்டு. அப்படித் தட்டினால் அது நான். தொடர்பு அறுந்துபோகிறது. வருடங்கள். ஒருநாள் கதவு திறக்கிறது. வாசல் முழுக்க நீல ஒளி. அவர் கையை விரித்து நிற்கிறார். மகள் ஓடுகிறாள்.

முடிந்தது. என் வாழ்க்கையில் பார்த்த மிகச் சிறந்த முடிவு. எம்.ஃபில். படித்த காலத்தில் எத்தனையோ கடினமான புத்தகங்களைப் படித்து முடித்துவிட்டு, இரகசியமாக இந்த நீல ஒளியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். எதுவும் நிற்கவில்லை.

விளையாட்டில் மட்டும் எப்போதும் சண்டை. அண்ணன் வெளியே நின்று தட்டுவான். மூன்று, இரண்டு. நான் ஓடிப்போய்த் திறப்பேன். அவன் தலையில் குட்டுவான். "திறக்கக்கூடாதுட்டி! எத்தன மட்டம் சொல்லுதேன்." அவனுக்குக் கதையே புரியவில்லை என்று நினைப்பேன்.


ஆகஸ்ட் 8, வியாழன்

பால் அடுப்பில். நான் ஜன்னலில் நின்றிருந்தேன்.

"அவ்னி, பால் பொங்குது."

நிரஞ்சனின் குரல். அவர் அலுவலகத்தில் இருக்கிறார். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கேமராவிலிருந்து பேசினார். அதில் பேசவும் முடியும் என்று இன்றுதான் தெரிந்தது. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு நீல வெளிச்சம்.

பாதுகாப்புக்காக மாட்டியது. பால் பொங்கவில்லை, காப்பாற்றிவிட்டார். நல்லதுதான்.

இந்த நோட்டை அரிசி டிரம்முக்குள் வைக்கிறேன். ஈரம் படாது.


ஆகஸ்ட் 11, ஞாயிறு

நிரஞ்சன் ஜெர்மனியிலிருந்து ஜூனில் திரும்பினார். கல்யாணமாகி ஒரு மாதத்தில் போனவர். இரண்டு வருடம். தினமும் மாலை ஏழு மணிக்கு அழைப்பார். மென்மையாகப் பேசுவார். அந்த மென்மையோடுதான் இரண்டு வருடம் குடும்பம் நடத்தினேன்.

வந்தவர் வேறு மாதிரி இருக்கிறார். களைப்பாக இருக்கலாம். நேர மாற்றம் என்று முதல் வாரம் நினைத்தேன்.

கல்லூரி வேலையை விட்டுவிடலாம் என்று சேர்ந்து முடிவெடுத்தோம். ராஜினாமாவை அவரே தட்டச்சு செய்தார், என் கை வலித்ததால். கை வலித்ததா என்று இப்போது நினைவில்லை. வாசலில் கம்பிக் கதவு போட்டாயிற்று. இரண்டு சாவியில் ஒன்று தொலைந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்று அவரிடம். காலையில் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். திருட்டு பயம். ஆறாவது மாடிதான். ஆனாலும்.

குரலை உயர்த்தியதில்லை. அதையும் எழுதவேண்டும்.


ஆகஸ்ட் 13, செவ்வாய்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. துணி சுற்றி வைத்தேன்.


ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. கீழே கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மேலிருந்து பார்த்தோம்.

"உங்க அண்ணன் ரெண்டு டிக்கெட் போட்டிருக்கானாம், உனக்கும் அவனுக்கும். கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன்."

கீழே கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணா போட்டுட்டேன். நானும் வரேன். உனக்கு அவ்வளவு பிடிச்ச படம், நான் பாக்க வேண்டாமா?"

சந்தோஷமாக இருந்தது. இன்னொரு சொல்லும் தோன்றியது. அதை எழுதவில்லை.


ஆகஸ்ட் 17, சனி

மதியக் காட்சி. நிரஞ்சன் நடுவில். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன். பழையபடி இடையில் ஒரு சுவர் என்று எனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டேன். அண்ணன் பெரம்பூரில் ரயில்வேயில் இருக்கிறான். வேலைச் சட்டையோடு வந்திருந்தான். பாதி மண்டபம் எங்கள் வயதுக்காரர்கள்.

படம் சிறியதாகிவிட்டது என்று முதலில் தோன்றியது. கப்பல் அட்டை. நட்சத்திரம் துணியில் குத்திய ஓட்டை. "ஆக்சிஜன் கொஞ்சந்தானுங்க" வந்தபோது எல்லோரும் கூடவே சொன்னார்கள். நிரஞ்சனின் தலைக்குப் பின்னாலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். நான் சிரிக்கிறேனா என்று. மகளுக்கு அப்பா தட்டிக் காட்டும் இடத்தில் கைப்பிடியில் தட்டினான். மூன்று. இரண்டு.

"என்ன அது?" என்றார் நிரஞ்சன்.

"அப்பா வந்திருக்கார்னு அர்த்தம்" என்றேன்.

"நல்லா இருக்கு."

பிறகு கதவு திறந்தது. நீல ஒளி மண்டபம் முழுக்கக் கொட்டியது. எல்லோர் முகமும் நீலம். அழுகை வந்தது. நான் எழுந்துவிட்டேன். பையை எடுத்து, செருப்பைத் தேடி, நடக்கவே தொடங்கிவிட்டேன்.

"எங்க போற?"

"முடிஞ்சுதே."

அண்ணன் அவருக்குக் குறுக்கே சாய்ந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "உக்காருட்டி. இன்னும் இருக்கு."

இருந்தது.

வந்தவர் மேசையில் உட்காருகிறார். சாப்பிடுகிறார். கொதிக்கும் தேநீரை ஒரே மடக்கில் குடிக்கிறார். அம்மா அதைப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. மகள் தன் பிறந்தநாளைப் பற்றிச் சொல்கிறாள். அவர் கேட்கவில்லை. நாட்கள் போகின்றன. நாற்காலிகள் அவருக்கேற்ப இடம் மாறுகின்றன. அம்மா மெதுவாகப் பேசப் பழகுகிறாள். மகள் மெதுவாக நடக்கப் பழகுகிறாள். யாரும் எதையும் கேட்பதில்லை. வந்தது அவர் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும், அதையும் சேர்த்து.

ஒரு மாலை. மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதவில் மூன்று தட்டு. இடைவெளி. இரண்டு.

மகள் எழுகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். வெளியே கரகரத்த ஒரு குரல் அவளுடைய செல்லப்பெயரைச் சொல்கிறது. மேசையில் இருப்பவர் தலை நிமிரவில்லை.

"வாசல்ல யாரும் இல்ல. சாப்பிடு."

மகள் திரும்பி வருகிறாள். உட்காருகிறாள். சாப்பிடுகிறாள். திரை இருட்டாகிறது. இருட்டில் தட்டும் சத்தம் மட்டும். பெயர்கள் ஓடி முடியும்வரை.


ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்றின் மிச்சம். எழுதாவிட்டால் கலைந்துவிடும்.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான். "நீ கடைசி வரைக்கும் பாத்ததே இல்லியா?"

"கதவு திறந்ததும் முடிஞ்சிருச்சுன்னு அம்மா கூட்டிட்டு வந்துட்டா."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பொம்பளைய பக்கத்துக் கதவ முன்னாலயே திறந்து விட்டுருவான்லா! கூட்டத்துல இடிபடாம போவட்டும்னு. ஒரு பொம்பள எந்திரிச்சா அம்புட்டு பேரும் எந்திரிச்சிருவாளுவ."

ஆமாம். வெளிச்சம் பின்னாலிருந்து வரும். அம்மா கையைப் பிடித்து இழுப்பாள். என் சிறுவயதுப் படங்கள் எதற்கும் கடைசிப் பத்து நிமிடம் கிடையாது. எங்கள் ஊர்ப் பெண்கள் யாருக்குமே கிடையாது.

"அதான் நீ டக்குனு திறந்துருவியா!" அண்ணன் சிரித்தான். "நான் பாட்டுக்கு ஒன் மண்டையில குட்டிக்கிட்டே இருந்தேன்."

"ஒரு ஊரே முக்கால் படம் பாத்திருக்கு!" என்றார் நிரஞ்சன். மூவரும் சிரித்தோம். நன்றாகவே இருந்தது.

அவர் காரை எடுக்கப் போனார்.

"என்னட்டி, இப்பிடி எளைச்சிருக்க?"

"டயட்ண்ணே."

"ஃபோன எந்தக் கடையில குடுத்திருக்கு?"

"தெரியல."

அவன் என்னையே பார்த்தான். சிறுவயதில் சுவருக்கு மேலிருந்து பார்ப்பதுபோல.

"நான் வந்து தட்டினா திறப்பியாட்டி?"

"விளையாட்டுலயா?"

"ஆமா. வெளையாட்டுலதான்."

கார் வந்துவிட்டது. திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது நிரஞ்சன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டினார். மூன்று. இரண்டு. சரியாக இருந்தது. இடைவெளியும்கூட.


ஆகஸ்ட் 21, புதன்

ஒரு எண்ணம். இலக்கிய மாணவியின் எண்ணம், அதற்குமேல் இல்லை.

போனவர் இன்னும் வழியில் இருக்கிறார். ஏழு மணிக்கு மென்மையாகப் பேசியவர். ஒருநாள் வருவார். தட்டுவார். அதுவரை சமாளிக்கவேண்டும். வந்திருப்பவரைக் கோபப்படுத்தாமல், சத்தமில்லாமல் நடந்து.

இதில் ஒரு நிம்மதி இருக்கிறது.


ஆகஸ்ட் 24, சனி

மதியம் அண்ணன் வந்தான். நிரஞ்சன் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"தூங்கறா மச்சான். மாத்திரை போட்டிருக்கா."

"என்ன மாத்திரை மாப்ள?"

"மனசு கொஞ்சம் சரியில்ல. டாக்டர்கிட்ட பேசியிருக்கேன். உங்களப் பாத்தா பழசெல்லாம் கிளறிக்கறா. கொஞ்ச நாள் வராம இருங்களேன்."

நான் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. தூங்கவும் இல்லை. சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் 'தூங்கறா' என்றதும் கத்தி பலகையில் படாமல் நறுக்கத் தொடங்கினேன்.

அதை ஏன் செய்தேன்?

சாம்பார் நன்றாக வந்தது.


ஆகஸ்ட் 28, புதன்

ரெஜினா ஆன்ட்டி வந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். நாளைக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள், பிடித்து வைத்துக்கொள் என்று சொல்ல. மரக்கதவைத் திறந்தேன். கம்பிக் கதவு நடுவில்.

"இதத் திறம்மா. எதோ மிருகக்காட்சி சாலையில நிக்கற மாதிரி இருக்கு."

"சாவிய அவர் மறந்து எடுத்துட்டுப் போயிட்டார் ஆன்ட்டி."

"போன வாரமும் மறந்தாரு. அதுக்கு முன்னயும் மறந்தாரு. ஞாபக மறதிக்கு ஒருத்தர் இவ்ளோ கரெக்டா இருந்து நான் பாத்ததில்லம்மா."

பின்னால் நீல வெளிச்சம். என் முதுகில் அது எங்கே படுகிறது என்று தெரிந்தது. ஆன்ட்டியும் உள்ளே எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அண்ணன் ஒருத்தர் வந்து கீழ நின்னுட்டுப் போனாரே. அவர் நம்பர் ஞாபகமிருக்கா?"

எண்ணைச் சொன்னேன். உதடு மட்டும் அசைந்தது. ஏன் சொன்னேன் என்று எழுத மாட்டேன். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை.

நான்கு குடம், எல்லா வாளியிலும் தண்ணீர் பிடித்தேன்.

மாலை: "ரெஜினா ஆன்ட்டிகூட என்ன பேச்சு?" "தண்ணித் தொட்டி." "அவ்வளவு நேரமா?" "தொட்டி பெருசு." என் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ. அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் பேசமாட்டார் என்று தெரியும்.


செப்டம்பர் 2, திங்கள்

குளிர்காலப் போர்வைக்காக மேல் அலமாரியைத் துழாவியபோது எங்கள் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. குளிர்காலம் சென்னையில் இல்லை. வேறு எதையோ தேடினேன் போலிருக்கிறது.

'அவ்னி' என்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது.

ஜெர்மனிக்குப் போவதற்கு முன்னால். கல்யாணத்துக்கே முன்னால். நிச்சயம் முடிந்த மறுநாள் ஃபோனில் சொன்னார்: "ஆவுடை கொஞ்சம் பழசா இல்ல? ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எப்படிச் சொல்றது?" எனக்கு அது செல்லமாகக் கேட்டது. அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா மட்டும் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாருட்டி இது?" என்று கேட்டாள்.

இன்னும் யோசித்தேன். ஏழு மணி அழைப்பு. ஒருநாள் மாணவிகளின் நாடக ஒத்திகையில் மாட்டிக்கொண்டு தாமதமாக எடுத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. பிரிவின் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு நாளைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதினேன். மோசமான கவிதை.

யாரும் மாறி வரவில்லை. போனவர்தான் வந்திருக்கிறார். கதவு திறந்த இடத்தில் நான் எழுந்து வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

வழியில் யாரும் இல்லை. யாரும் வந்து தட்டப்போவதில்லை.

பத்திரிகையை இருந்த இடத்திலேயே வைத்தேன். இருந்த கோணத்திலேயே.


செப்டம்பர் 5, வியாழன்

அண்ணன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். எழுத்து பெரிது பெரிதாக விழுகிறது.

நேற்று மாலை நான்கு மணி இருக்கும். காயவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். நிரஞ்சனின் சட்டைகள். காலர் ஒரே பக்கமாக இருக்கவேண்டும்.

மரக்கதவில் மூன்று தட்டு.

இடைவெளி.

இரண்டு.

எழுந்தேன். உடனே சுவர் பேசியது.

"அவ்னி. உக்காரு."

நின்றேன். மறுபடியும் தட்டினான். மூன்று, இரண்டு. கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்துத் தட்டுகிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"வாசல்ல யாரும் இல்ல அவ்னி. துணிய மடி."

அந்தப் படத்தை நிரஞ்சன் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். அந்த வசனம் அவனுக்குப் பிடித்திருக்கிறது. தெரிந்துதான் சொல்கிறானா, தெரியாமலா? எது அதிக பயம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். தாழ்ப்பாள் கைக்குச் சில்லென்றிருந்தது. அந்தப் பெண் திரும்பிப்போனது இந்த இடத்திலிருந்துதான். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. காலுக்கடியில் தரை பின்னால் இழுக்கத்தான் செய்கிறது.

திறந்தேன்.

அண்ணன். ரெஜினா ஆன்ட்டி. கையில் இரும்பு வெட்டும் கட்டரோடு காவலாளி.

"ஏட்டி" என்றான் அண்ணன்.

ரெஜினா ஆன்ட்டி அவனை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். "இங்க பாரும்மா. நாங்களா உடைச்சா அது வேற. நாளைக்கு அவன் வந்து என் பொண்டாட்டிய கடத்திட்டாங்கம்பான். வீட்டுக்குள்ள இருக்கறவ நீ. நீ வாயத் தொறந்து சொன்னா இவர் வெட்டுவார். சொல்லலன்னா நாங்க போயிடறோம், நாளைக்கு வரோம். நாளன்னைக்கும் வரோம். ஆனா நீதான் சொல்லணும்."

"அவ்னி," பின்னாலிருந்து. மென்மையாக. ஏழு மணிக் குரல். "கதவச் சாத்திட்டு உள்ள வா. நான் கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன். பேசிக்கலாம். உனக்கு உடம்பு சரியில்ல."

வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. வகுப்பில் அறுபது பேருக்குக் கேட்கும்படி பேசியவள். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெட்டுங்க."

"கேக்கலம்மா."

"வெட்டுங்க!"

தீப்பொறி பறந்தது. சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நான் உள்ளே ஓடி அரிசி டிரம்மில் கையை விட்டு இந்த நோட்டை எடுத்தேன். அதை மட்டும்தான். பூட்டு விழுந்து சத்தம் நின்றபோது சுவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவ்னி, அவ்னி என்று.

யாரைக் கூப்பிடுகிறான் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை.


செப்டம்பர் 6, வெள்ளி

அம்மாவிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. பாதி சொன்னேன்.

"அவருதான் நல்லபடியா திரும்பி வந்துட்டாரே, பெறகு என்னட்டி?" என்றாள்.

அவளும் அங்கேதான் எழுந்து வந்தாள். நாளை முழுவதையும் சொல்லவேண்டும்.


செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. அண்ணி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். நானும் அண்ணனும் கொழுக்கட்டை பிடித்தோம். அவன் பிடித்தது அவன் பணிமனை போல்ட் நட்டு மாதிரி இருந்தது.

"வாயி பேசாம தின்னுட்டி. பிள்ளையாரே ஒண்ணுஞ் சொல்லல."

சிரித்தேன். சத்தமாக. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்க ரெஜினா ஆன்ட்டியும் வருகிறார்.

எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காலை வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. இந்த வீட்டில் அழைப்பு மணி இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது.

மணி அடிக்கவில்லை.

கதவில் மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. இரண்டு.

அண்ணன் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்தத் தட்டலுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தோம்.

"ஆவுடை" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். மென்மையாக. முதல்முறையாக, என் சொந்தப் பெயர். "ஆவுடை, நான்தான். திற."

மறுபடியும் மூன்று. இரண்டு. இடைவெளி கச்சிதமாக இருந்தது.

அண்ணன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. கதவை நோக்கி ஓரடி வைத்தான்.

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"திறக்கக்கூடாதுண்ணே" என்றேன். "உக்காரு. இன்னும் இருக்கு."